பதினேழாம் நம்பரின் அறுபது நல்ல விஷயங்கள்

அந்தத் தையல் கம்பெனியில் அவளை எல்லோரும் ‘டிகிரி’ என்றுதான் கூப்பிட்டார்கள். நூற்றெண்பது பேர் வேலை பார்க்கும் கூடத்தில் கணக்கில் பட்டம் வாங்கியவள் அவள் ஒருத்திதான். வீட்டிலும் அவள் ஒருத்திதான். அவளுக்கு முன்னால் அந்தக் குடும்பத்தில் கல்லூரி வாசலை மிதித்தவர் அவளுடைய அப்பா மட்டும். அவர் பெயிண்டர். கல்லூரிச் சுவருக்கு வெள்ளையடிக்கப் போயிருந்தார்.

அவளுக்குச் செக்கிங் மேஜையில் வேலை. தைத்து முடித்த சட்டை மேஜைக்கு வரும். காலரில் ஆரம்பித்து, தோள், கை, மணிக்கட்டுப் பட்டி, பட்டன், பை, கீழ்மடிப்பு என்று கண் ஒரு சுற்று சுற்றி வர வேண்டும். எங்கே தப்போ அங்கே ஒரு சிவப்பு அம்பு ஸ்டிக்கர். அம்பு ஒட்டிய சட்டை, தைத்தவரிடமே திரும்பிப் போகும். தப்பில்லாத சட்டையின் பையில் தன் எண் அச்சடித்த சின்னச் சீட்டைப் போட்டு அடுத்த மேஜைக்குத் தள்ள வேண்டும். அவள் எண் பதினேழு. ஒரு நாளைக்கு முந்நூறு சட்டை. அதாவது ஒரு நாளைக்கு முந்நூறு தடவை, எங்கே தப்பு, எங்கே தப்பு. இப்படி இரண்டு வருஷம்.

கண் அந்தப் பழக்கத்தை வீட்டுக்கும் கொண்டுவந்துவிட்டது. சித்தி மகள் தான் கட்டிக்கொள்ளப் போகிறவரை முதல்முறையாக வீட்டுக்கு அழைத்து வந்தபோது, எல்லோரும் வாங்க வாங்க என்று சொல்லிக்கொண்டிருக்க, இவள் வாயிலிருந்து வந்த முதல் வார்த்தை, “உங்க மூணாவது பட்டன் நூல் தொங்குதுங்க.” அந்த மனிதர் அன்று முழுக்க நெஞ்சில் கைவைத்தபடியே உட்கார்ந்திருந்தார். “பொறந்தப்பவே உன் கண்ணுல விளக்கெண்ணெய் ஊத்திட்டோம் போல” என்றார் அப்பா.

சிரித்துவிட்டாள். ஆனால் அன்று படுத்தபோது ஒரு கேள்வி வந்து பக்கத்தில் படுத்துக்கொண்டது. இதற்கா படித்தோம்? சரி, இது வேண்டாமென்றால் வேறு என்ன வேண்டும்? அந்த இரண்டாவது கேள்விக்குப் பதில் தெரியவில்லை. கணக்கில் விடை தெரியாவிட்டால் கேள்வியை மறுபடி படி என்பார்கள். இவள் எத்தனை தடவை படித்தாலும் கேள்வியே கலங்கலாகத்தான் இருந்தது.

அப்போதுதான் கண்ணாடி அறைப் பேச்சு வந்தது. மாடியில் கண்ணாடிச் சுவர் வைத்த சின்ன அறை. தர அலுவலகம். ஒரு கம்ப்யூட்டர், ஒரு சுழல் நாற்காலி, ஒரு மின்விசிறி. எந்த லைனில் எத்தனை தப்பு என்று கணக்குப் போடுகிற வேலை. அங்கே இருந்த பெண் மாதக் கடைசியில் வேலையை விட்டுப் போகிறாள். மேனேஜர் இவளைக் கூப்பிட்டு, “படிச்ச பொண்ணு, உன்னைப் போடலாம்னு இருக்கேன்” என்றார். அவ்வளவுதான். அன்றிலிருந்து அப்பா எந்த வீட்டுக்குச் சுண்ணாம்பு கலக்கப் போனாலும், வாளியை இறக்கி வைப்பதற்கு முன்னால் மகளை மாடியேற்றிவிட்டார். “என் பொண்ணு கண்ணாடி ரூம்ல உக்காரப் போறா.” நாற்காலி வருவதற்கு முன்னாலேயே தெருவே அதில் உட்கார்ந்து பார்த்துவிட்டது.

இந்த நேரத்தில்தான் கோட்டுக்காரர் வந்தார்.

அது ஒரு புதன்கிழமை. மதியச் சாப்பாட்டுக்குப் பிறகு மெஷின்களை நிறுத்தி, எல்லோரையும் சாப்பாட்டுக்கூடத்தில் உட்காரவைத்தார்கள். வேலையாட்களுக்கு உற்சாகம் ஊட்ட வெளியிலிருந்து ஒருவரை வரவழைத்திருந்தார்கள். அந்தப் புழுக்கத்திலும் அவர் கோட்டு போட்டிருந்ததால், இரண்டே நிமிடத்தில் அவருக்குப் பெயர் வைத்தாகிவிட்டது.

“நாம ஏன் சோர்ந்து போறோம்? காலையில எழுந்ததுல இருந்து குறையைத் தேடுறோம். நிறையைத் தேடுங்க! நல்லதைப் பாக்குற கண்ணுக்கு வாழ்க்கை தானா அர்த்தத்தைக் காட்டும்!” என்று கோட்டுக்காரர் மேடையில் இங்கும் அங்கும் நடந்தார்.

பக்கத்து மேஜைச் செக்கர் அவள் காதோரம் குனிந்தாள். வாய் ஓயாத அவளுக்கு ‘ரேடியோ’ என்று பெயர். “ஏன்டி, அவரு கோட்டுக்கு இடது கை உள்துணி வெளிய தொங்குது, பாத்தியா?”

டிகிரி அதை முதல் நிமிடமே பார்த்திருந்தாள். பார்த்ததற்காக வெட்கமாக இருந்தது. இந்த மனிதர் என்னைப் பற்றித்தான் பேசுகிறார் என்று தோன்றியது.

கடைசியில் ஆளுக்கொரு மஞ்சள் அட்டை கொடுத்தார்கள். மூன்று நாள் சவால். ஒரு நாளைக்கு இருபது நல்ல விஷயம் கண்ணால் பார்த்து எழுத வேண்டும். ரேடியோ அங்கேயே உட்கார்ந்து, ‘சூரியன் வந்தது, பஸ் வந்தது, டீ சூடாக இருந்தது’ என்று ஒரு நாளுக்கு எழுதிவிட்டு, மற்ற இரண்டு நாளுக்கும் ‘மேலே உள்ளபடி’ என்று போட்டாள்.

டிகிரியால் அப்படி முடியாது. பரீட்சையில் விருப்ப வினாவுக்கும் சேர்த்து விடை எழுதுகிற ஜாதி அவள். யோசித்துப் பார்த்தாள். காலை எட்டிலிருந்து மாலை ஐந்துவரை அவள் கண்ணில் படுவது சட்டை. அப்படியென்றால் இருபதில் பதினைந்து விஷயமாவது சட்டையிலிருந்துதான் வந்தாக வேண்டும்.

வியாழக்கிழமை காலை முதல் சட்டையை விரித்தபோது, அவள் தப்பைத் தேடவில்லை. என்ன ஆச்சரியம், சட்டை வேறு மாதிரி தெரிந்தது. ஏழு பட்டனும் ஒரே நேர்கோட்டில் நின்றன. பைத் துணியின் கோடும் சட்டைத் துணியின் கோடும் இம்மி பிசகாமல் சேர்ந்திருந்தன. இரண்டு வருஷமாக இந்தக் கோடுகள் சேர்ந்துகொண்டுதான் இருந்திருக்கின்றன. சேராத அன்றுதான் இவள் பார்த்திருக்கிறாள். யாரோ ஒருவர் இதைப் போட்டுக்கொண்டு எங்கோ போகப் போகிறார் என்பதே அன்றுதான் உறைத்தது. மாலையில் கழுத்து வலிக்கவில்லை. வீட்டுக்குப் போய், “இன்னைக்கு நல்லா இருந்துச்சும்மா” என்றாள். அம்மா அடுப்பை அணைத்துவிட்டு வந்து நெற்றியைத் தொட்டுப் பார்த்தாள். “காய்ச்சல் ஒண்ணும் இல்லையே?”

வெள்ளிக்கிழமை அந்தக் காலர் வந்தது. இடது முனை வலது முனையைவிடக் கொஞ்சம் நீளம். வேறொரு நாளாக இருந்தால் கை தானாக அம்புக்குப் போயிருக்கும். அன்று கண் அந்த முனையைத் தாண்டி, ஓரத்தையலுக்குப் போனது. மூலையில் தையல் நின்று, நிதானித்து, திரும்பியிருந்தது. பயந்த கை, ஆனாலும் ஆசையோடு தைத்த கை. சட்டைப் பையில் பதினேழாம் சீட்டைப் போட்டாள். டீ நேரத்தில் அட்டையை எடுத்து எழுதினாள்: ‘காலரின் இடது முனை கொஞ்சம் நீளம். ஆனாலும் ஓரத்தையல் ஒரு முடி அளவுகூட விலகவில்லை.’

அதற்குப் பிறகும் அதே மாதிரி காலர்கள் வந்தன. சனிக்கிழமையும் வந்தன.

திங்கட்கிழமை அட்டைகளை வாங்கினார்கள். அறுபது வரியும் நிரம்பியிருந்த அட்டை ஒன்றே ஒன்றுதான். வேலையாட்கள் நலனைப் பார்க்கும் மேடம் அதை உயர்த்திக் காட்ட, மேனேஜர் கைதட்ட, கூடமே கைதட்டியது. அட்டையை அறிவிப்புப் பலகையில் குத்தி வைத்தார்கள். அதை யாரும் படிக்கவில்லை. அந்தப் பலகையில் எதையும் யாரும் படிப்பதில்லை.

சவால் முடிந்தது. நான்காம் நாள் பழைய கண் திரும்பி வந்துவிட்டது. சிவப்பு அம்புகளும் திரும்பி வந்தன. அவளுக்கு எதையோ தொலைத்த மாதிரி இருந்தது. என்ன என்று சொல்லத் தெரியவில்லை.

இரண்டு வாரம் கழித்து, வாங்கும் கம்பெனியின் கிடங்கிலிருந்து மூன்று அட்டைப்பெட்டிகள் திரும்பி வந்தன. தொண்ணூற்றாறு சட்டை. எல்லாம் காலர் முனை. எல்லாப் பையிலும் பதினேழு.

சூப்பர்வைசர் ஒரு பெட்டியைத் தூக்கிக்கொண்டு வந்து அவள் மேஜையில் வைத்தார். கத்தினாலாவது தேவலாம். குரலைத் தாழ்த்திப் பேசினார்.

“ஏம்மா டிகிரி, இது உன் சீட்டுதானா, இல்ல யாராவது எடுத்துப் போட்டுட்டாங்களா?”

“என்னோடதுதாண்ணே.”

“அடுத்த வாரம் மாடிக்குப் போற நேரம். வெண்ணெய் திரண்டு வரும்போது தாழியை உடைச்சிட்டியே.” சுற்றுமுற்றும் பார்த்தார். “சரி, கேளு. மதியம் மேனேஜர் கூப்பிடுவாரு. கண்ணு தவறிடுச்சு சார்னு ஒரே ஒரு வார்த்தை சொல்லு. கண்ணு தவறாத செக்கர் யாரு இருக்கா? இன்னும் கொஞ்சம் அழுத்திச் சொல்லணும்னா, காலர் தைக்கிற பொண்ணு புதுசு, அத்தனையும் அவ கைவேலைன்னு சொல்லு. நாற்காலி உனக்குத்தான்.”

அவர் போனதும் ரேடியோ நாற்காலியை இழுத்துப் போட்டாள். “சொல்லிடுடி. கண்ணுதானே, அது என்ன வந்து மறுத்தா பேசப்போகுது?”

“கண்ணு தவறலடி. நான் பாத்தேன்.”

“பாத்தியா? பாத்துட்டு?”

“விட்டுட்டேன்.”

ரேடியோ நாற்காலியை இன்னும் கிட்டே இழுத்துக்கொண்டாள். “ஏன்டி?”

அதுதான் டிகிரிக்கும் தெரியவில்லை. நல்லதைப் பார்த்தேன் என்பது காரணமா? அப்படியென்றால் நல்லதைப் பார்ப்பது தப்பா? தப்பைப் பார்த்தபடியே நல்லதையும் பார்த்தேனே, அது எந்தக் கணக்கில் சேரும்? மதில்மேல் பூனைக்காவது இரண்டு பக்கம்தான். இவளுக்கு நாலு பக்கமும் பள்ளமாகத் தெரிந்தது.

காலர் தைக்கிற பெண்ணைப் போய்ப் பார்த்தாள். மெலிந்த உடம்பு, வந்து ஒன்றரை மாதம்கூட ஆகவில்லை. விஷயம் அவளுக்கும் எட்டியிருந்தது. மெஷினைத் துடைத்துக்கொண்டே இருந்தாள், துடைத்த இடத்தையே மறுபடி துடைத்தாள்.

“அக்கா, மஞ்சள் அட்டை குடுக்குற வரைக்கும் எனக்கு அம்பு அம்பா வரும். முள்ளம்பன்றி மாதிரி இருக்கும் என் பண்டில். அப்புறம் மூணு நாள் ஒரு அம்புகூட வரல. நான் பழகிட்டேன்னு நெனைச்சேன்க்கா. வீட்டுல போய்ச் சொன்னேன்கூட. அதான் அதே மாதிரியே தைச்சேன்.”

அந்த மூன்று நாளில் டிகிரி எழுதிய அறுபது வரியில் ஒன்றைக்கூட இந்தப் பெண்ணிடம் சொல்லவில்லை. தையல் அழகாக இருக்கிறது என்று அட்டைக்குச் சொன்னாள். முனை நீளமாக இருக்கிறது என்றும் அட்டைக்குத்தான் சொன்னாள். தைத்தவளுக்கு இரண்டுமே போய்ச் சேரவில்லை.

சாப்பாட்டு நேரத்தில் அறிவிப்புப் பலகை முன்னால் நின்றாள். மஞ்சள் அட்டை ஓரம் சுருண்டு தொங்கியது. இருபத்தொன்பதாவது வரி. ‘காலரின் இடது முனை கொஞ்சம் நீளம்.’ இரண்டு வாரமாக, நூற்றெண்பது பேர் கைகழுவப் போகும் வழியில், அவள் கையெழுத்தில். பிடுங்கிக் கசக்கிப் பைக்குள் போட்டால் முடிந்தது. யாருக்கும் தெரியாது. அப்பா சொன்ன சொல்லும் பொய்யாகாது. ஊசியைக் கழற்றினாள். கையில் அட்டையோடு அப்படியே நின்றாள். பின்னால் யாரோ, “பிரேம் போட வீட்டுக்குக் கொண்டுபோறியா டிகிரி?” என்று கேட்டுச் சிரித்துக்கொண்டு போனார்கள்.

மேனேஜர் அறைக்குள் போகும்வரை என்ன சொல்லப் போகிறோம் என்று அவளுக்கே நிச்சயமில்லை.

மேனேஜர் முன்னால் ஒரு படிவம் இருந்தது. பேனாவைத் திறந்து வைத்துக்கொண்டு கேட்டார். “காரணம் எழுதணும்மா. வெளிச்சக் குறைவு, களைப்பு, கவனக் குறைவு, பயிற்சி போதாமை. நாலுல எது?”

“நான் பாத்தேன் சார்.”

“எதை?”

“காலர் முனையை. பாத்துட்டுத்தான் விட்டேன்.” அட்டையை மேஜைமேல் வைத்தாள். “இருபத்தொன்பதாவது வரி சார்.”

அவர் படித்தார். கண்ணாடியை நெற்றிக்கு ஏற்றிவிட்டு மறுபடி படித்தார். “இதை யாரு பலகையில குத்தினது?”

“நலன் மேடம் சார். நீங்க கைதட்டினீங்க.”

மேனேஜர் இருமினார். பேனா நான்கு கட்டங்களுக்கும் மேலே வட்டமடித்தது, எதிலும் இறங்கவில்லை. “அழகா இருந்துச்சு, அதனால விட்டுட்டேன்னு எந்தக் கட்டத்துல எழுதுறது? ஏம்மா, அந்த ஆளு சொன்னது வாழ்க்கைக்கு. சட்டைக்கா சொன்னாரு?”

“எனக்குப் பகல் முழுக்க சட்டைதான் சார் வாழ்க்கை. எங்க நிறுத்தணும்னு அவர் சொல்லல.”

இதைக் குத்தலாகச் சொல்லவில்லை. உண்மையாகவே யாராவது சொல்லித் தர மாட்டார்களா என்று கேட்பதுபோல் இருந்தது. அவர் படிவத்தைத் தன் பக்கம் இழுத்துக்கொண்டார்.

“அந்தக் காலர் பொண்ணு?”

“அந்த மூணு நாளும் அவளுக்குத் தப்புன்னே தெரியாது சார். அம்பு போயிருந்தா மறுநாளே திருத்தியிருப்பா. அனுப்பாதது நான்.”

பேனா கடைசியில் ‘கவனக் குறைவு’ என்ற கட்டத்தில் இறங்கியது. அது சரியான விடை இல்லை என்று இருவருக்கும் தெரியும். “தொண்ணூத்தாறையும் நீயே உக்காந்து திரும்பப் பாரு. மாடி விஷயம் இப்ப வேண்டாம். வேற ஆளைப் போடுறேன்.”

“சரி சார்” என்றாள். கதவைச் சாத்திவிட்டு வெளியே வந்தபோது அழுகை வரும் என்று எதிர்பார்த்தாள். வரவில்லை. நிம்மதியும் வரவில்லை. பசித்தது.

மறுநாள் காலையிலிருந்து அந்தத் தொண்ணூற்றாறு சட்டைகளோடு உட்கார்ந்தாள். இம்முறை எந்தக் கண்ணையும் நம்பப் பயமாக இருந்தது. பழைய கண் எல்லாவற்றையும் தப்பு என்று சொல்லும். அந்த மூன்று நாள் கண் எல்லாவற்றையும் அழகு என்று சொல்லும். ஆகவே அளவுநாடாவை எடுத்து ஒவ்வொரு முனையாக அளந்தாள். மூன்று மில்லிமீட்டர்வரை வித்தியாசம் இருக்கலாம் என்பது வாங்குகிறவர்களே எழுதிக் கொடுத்த விதி. எண்பத்தைந்து சட்டை அதைத் தாண்டியது. அவற்றுக்கெல்லாம் அம்பு. பதினொன்று தாண்டவில்லை. கும்பலோடு கும்பலாக அவையும் திரும்பி வந்திருந்தன.

மறுபடி அளந்தாள். அதே பதினொன்று. அவற்றைத் தனியாக மடித்து, தோளில் சுமந்துகொண்டு மாடியேறினாள்.

“சார், இதுல தப்பு இல்ல.”

மேனேஜர் குவியலைப் பார்த்தார், அவளைப் பார்த்தார். “அன்னைக்கு தப்பைப் பாத்துட்டு விட்டே. இன்னைக்கு திருப்பி அனுப்பினதை எடுத்துட்டு வந்து தப்பே இல்லைங்கறே. உன்னை எப்படிம்மா நம்புறது?”

“நம்பாதீங்க சார். அளந்து பாருங்க.”

நாடாவை நீட்டினாள். அவர் எழுந்து நின்று, முதல் சட்டையை விரித்து, குனிந்து அளந்தார். அடுத்ததை அளந்தார். நான்காவதில், “இது மூணுக்கு மேல இருக்கே?” என்றார். அவள் எட்டிப் பார்த்தாள். “முனையை இழுத்துப் பிடிக்கிறீங்க சார். விட்டுட்டுப் பாருங்க.” விட்டுவிட்டுப் பார்த்தார். இரண்டரை. பதினொன்றையும் அளந்து முடித்து, பேக்கிங்குக்கு எழுதிக் கொடுத்தார். வேறு ஒன்றும் சொல்லவில்லை. கண்ணாடி அறையில் அடுத்த வாரம் வரப்போகிற புது ஆளுக்காக ஒருவர் நாற்காலியைத் துடைத்துக்கொண்டிருந்தார். அவள் அதைப் பார்த்தபடியேதான் படியிறங்கினாள். வலித்தது.

எண்பத்தைந்து சட்டையும் காலர்காரியிடம் போயின. அன்று டிகிரி அம்பை மட்டும் அனுப்பவில்லை. ஓய்வு நேரத்தில் முதல் சட்டையை எடுத்துக்கொண்டு தானே போய் நின்றாள். “முனை அஞ்சு மில்லி கூடியிருக்கு, பாரு. மடிக்கிறதுக்கு முன்னாடியே ஒரு தடவை ரெண்டையும் சேத்துவச்சுப் பாத்துக்கோ. ஆனா இந்த ஓரத்தையல் இருக்கே, இந்த லைன்லேயே இப்படி யாருக்கும் வராது.”

காலர்காரி அவளைச் சந்தேகமாகப் பார்த்தாள். “திட்டுறீங்களா, பாராட்டுறீங்களாக்கா?”

“ரெண்டும்தான்னு நெனைக்கிறேன்” என்றாள் டிகிரி. அதைச் சொல்லும்போது முகம் சூடானது. இரண்டு வருஷத்தில் தைத்தவர் முகத்தைப் பார்த்து அவள் பேசிய முதல் வேலைப் பேச்சு அது.

மாலை வீட்டில் அப்பா முற்றத்தில் உட்கார்ந்து, முழங்கையில் காய்ந்த பச்சை பெயிண்டை மண்ணெண்ணெய்த் துணியால் தேய்த்துக்கொண்டிருந்தார்.

“என்னம்மா, கண்ணாடி ரூம் என்னாச்சு?”

“கிடைக்கலப்பா. வேற ஆளு.”

தேய்ப்பது நின்றது. “ஏன்? நீ ஒழுங்காத்தானே வேலை பாத்தே?”

அவள் பக்கத்தில் உட்கார்ந்து எல்லாவற்றையும் சொன்னாள். கோட்டுக்காரர், அட்டை, காலர், பதினொன்று. அப்பா பாதி புரிந்து, பாதி புரியாமல் கேட்டார். முடிந்ததும் அவருக்குப் பெரிய கவலை ஒன்று மிஞ்சியது.

“நாளைக்கு அந்த மூணாவது மாடி வீட்டுல வேலை. அந்த வீட்டம்மாகிட்ட கண்ணாடி ரூம்னு சொல்லிவச்சிருக்கேன், வாசல்லயே கேப்பாங்களே. என்னம்மா சொல்றது?”

“கீழேதான் இருக்கா, சட்டை பாக்குறான்னு சொல்லுங்க.”

“அது போதுமா உனக்கு?”

“தெரியலப்பா.” பொய் சொல்லவில்லை. போதுமா, போதாதா, போதும் என்று நினைப்பது சோம்பலா, போதாது என்று நினைப்பது பேராசையா, எதுவும் தெரியவில்லை. நாளைக்கு முந்நூறு சட்டை வரும் என்பது மட்டும் தெரிந்தது. இப்போது அவற்றைத் தைக்கிறவர்களில் ஒருத்தியின் முகமும் தெரிந்தது.

அப்பா துணியைக் கீழே வைத்துவிட்டு, எதிரே யாரோ நிற்பதுபோல் தொண்டையைச் செருமிக்கொண்டார். “பொண்ணா? கீழேதான் இருக்கா. சட்டை பாக்குறா.” முகம் சுளித்தார். “நல்லாவே இல்லையேம்மா.”

“நல்லா இல்லதான்ப்பா.”

இன்னொரு தடவை சொல்லிப் பார்த்தார். இந்த முறை குரல் கொஞ்சம் நிமிர்ந்தது. “சட்டை பாக்குறா. ஒரு தப்பு அவ கண்ணுல இருந்து தப்பாது.”

“அப்பா, கண்ணுல பட்டதை நான் விட்டுத்தான் இவ்வளவும் ஆச்சு.”

“அதை அந்தம்மாகிட்ட யாரு சொல்லப் போறா?” என்றார் அவர்.

“நீங்க சொல்லுங்க. முழுசா சொல்லுங்க.”

அப்பா துணியை எடுத்து, உதடு அசைய, மூன்றாவது தடவை முதலிலிருந்து ஆரம்பித்தார்.